பொறுமைத் திலகம்

“அங்க வந்து நீ என்ன பண்ணப் போற?”

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார் அவர்.

“சும்மா பாக்கறேங்க,” என்றாள் மனைவி. அதற்குள் கிளம்பித் தயாராக நின்றாள்.

“பாக்கறதுக்கு அது என்ன பொருட்காட்சியா? வெப்சைட் கட்டறவங்க மாநாடு. பேசறது ஒண்ணும் உனக்குப் புரியாது.”

“புரியலேன்னா தூங்கறேன்.”

இன்றைக்கு வாக்குவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாநாட்டில் அவருக்குத்தான் பாராட்டு.

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து வெப்சைட் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு மென்பொருள். தெரியாதவர்கள் கேட்க, தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்க, இணையத்தில் அதற்கென்று ஒரு மன்றம். ஆபீஸ் விட்டு வந்ததும் அதில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல், சலிக்காமல் பதில் எழுதுகிறவர் இவர். ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ என்றுதான் ஆரம்பிப்பார். மன்றத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பொறுமைத் திலகம் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டம் வீட்டில் இன்னும் அமலுக்கு வரவில்லை.

மனைவி வீட்டிலேயே துணி தைத்து விற்கிறாள். அக்கம்பக்கத்தை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது? “எனக்கும் ஒரு வெப்சைட் போட்டுத் தாங்களேன்” என்று கேட்டாள். “அடுத்த வாரம்” என்றார். பல அடுத்த வாரங்கள் போன பிறகு, “சொல்லியாவது குடுங்க, நானே போட்டுக்கறேன்” என்றாள். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர், அவள் மவுஸைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்ததுமே கண்டபடி கத்திவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாநாட்டு வாசலில் ஒரு பெண் கழுத்தில் மாட்டும் அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தாள்.

“மேடம், உங்க பேர் என்ன போடட்டும்? மன்றத்துல வெச்சிருக்கற பேர்னாலும் சரி.”

“அவங்க இதுல எல்லாம் இல்லம்மா. என்கூட வந்தவங்க,” என்று முந்திக்கொண்டார் அவர்.

‘விருந்தினர்’ என்று எழுதிக் கொடுத்தாள் அந்தப் பெண். மனைவி அதை வாங்கி மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நல்லவேளை, கண்ணில் படாத இடம் என்று நினைத்துக்கொண்டார்.

பாராட்டு நேரம் வந்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“இந்த வருஷம் எனக்கு மனசு நிறைஞ்சது ஒருத்தராலதான். மன்றத்துல அவர் பேரு மரமண்டை.”

சபை சிரித்தது.

“சிரிக்காதீங்க. முதல் பதில்லயே நான் எழுதினேன். கத்துக்க வர்றவங்க யாரும் மரமண்டை இல்ல. உங்களுக்கு இந்தப் பேர வெச்சவன் எவனோ, அவன்தான் மரமண்டை.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“மெனுன்னா என்ன, லிங்க்னா என்னங்கறதுல இருந்து ஆரம்பிச்சோம். வீட்டுல சாப்பிடக் கூப்பிடுவாங்க. ‘பொறு, அங்க ஒருத்தர் பதிலுக்காகக் காத்துக்கிட்டிருக்கார்’னு சொல்லிட்டு எழுதி முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஒரு நாள்கூடக் கோபம் வந்ததில்ல. எதிர்ல இருக்கறவரும் மனுஷன்தானே. பாருங்க, இதுதான் அவர் கட்டின வெப்சைட்.”

பின்னாலிருந்த திரையில் ஜன்னல் திரைச்சீலைகளாக விரிந்தன. பூப்போட்டது, கோடு போட்டது, குழந்தைகள் அறைக்கு யானை போட்டது.

“படம் எல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு. ஒவ்வொண்ணா ஓரம் வெட்டி, வெளிச்சம் ஏத்தி, நானே சரி பண்ணிக் குடுத்தேன். கண்ணு வலிக்க வலிக்க உத்துப் பாத்திருக்கேன்.”

தொகுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். “சாருக்குத் தெரியாம ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். நினைவுப் பரிசைத் தரப்போறதே அந்த மரமண்டைதான். எங்க இருந்தாலும் மேடைக்கு வாங்க.”

அவருக்கு ஆவல் தாங்கவில்லை. ரிட்டயர் ஆன வாத்தியார் யாராவதுதான் இருக்கும் என்று முன்வரிசையில் நரைத்த தலைகளாகத் தேடினார்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள் மனைவி.

“ஐயோ, அது என் வொய்ஃப். ஏதோ தெரியாம வர்றா,” என்று தொகுப்பாளரிடம் கிசுகிசுத்தார். கைதட்டலில் அது அவர் காதில் விழவில்லை.

அவள் நிதானமாகப் படியேறி வந்து, பரிசை வாங்கி இவர் கையில் வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை.

தொகுப்பாளர் அவளிடம் மைக்கை நீட்டினார். “எதுக்கு மேடம் இப்படி ஒரு பேரு?”

“வீட்டுல அப்படித்தாங்க கூப்பிடுவாங்க.”

“அடடா. சாரை நேர்ல பாக்கறது இதான் முதல் தடவையா?”

“இப்படிப் பேசறவர முதல் தடவையா பாக்கறேங்க.”

சபை மறுபடியும் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் அவள் பக்கம் குனிந்தார்.

“நீயா? நீதான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவள் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மன்றத்தில் எழுதும் அதே மரியாதையோடு சொன்னாள்.

“படத்தப் பாத்ததுமே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன் சார். அத்தனையும் நம்ம வீட்டு ஜன்னல்.”