மோரித் தண்ணீர்

தகரப் பெட்டி இரும்பு ஏணியில் பாதி தூரம் ஏறியிருந்தது. சபுரா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்துத் தூக்குலே. பூட்டு பேந்துரும்."

"நீ ஒதுங்கி நில்லு லாத்தா. காலுக்குக் கீழ கட்டர்த் தண்ணி," என்றான் நசீர். அவளுடைய ஒரே தம்பி. இத்தனை நாளாக மேல் அறையில் குடியிருந்தவன்.

அன்று காலையும் சாக்கடை பொங்கியிருந்தது. குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அவளுடைய கீழ் அறை மூலையில் கட்டியிருந்த மோரி வழியாக ஏறி, கட்டில் கால்வரை வந்து நின்றது. தையல் மெஷினின் மிதிபலகை நனைந்துவிட்டது.

மூன்று மாதத்தில் இது இருபத்திரண்டாவது தடவை. சபுராவுக்குக் கணக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அலமாரிக் கதவின் உட்புறம் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள்.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முதல் கோட்டிலேயே அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். வடித்த கஞ்சியை மோரியில் ஊற்றுவதில்லை. டீத்தூளைப் பையில் கட்டினாள். மீனைத் தெருக்குழாயடியில் வைத்து உரசினாள். சீப்பில் வரும் முடியைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகினாள்.

கோடுகள் கூடிக்கொண்டே போயின.

அடைக்கும்போதெல்லாம் நசீர்தான் வருவான். "நாத்தம், நீ உள்ள போ" என்று அவளை அனுப்பிவிட்டு வாசலில் இருந்த சாக்கடைக் குழியின், சேம்பரின், மூடியைத் தூக்குவான். கால்மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். பிறகு பேப்பரில் எதையாவது ஏந்திவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான். ஒரு முடிச்சுருள். கொஞ்சம் செதில்.

"உன்னோடதுதான். பாத்துக்கோ."

அவன் மனைவி ஃபர்ஸானா ஏணி உச்சியிலிருந்து கேட்பாள். "மதினி, சோத்த நீங்க திங்கியளா, இல்ல மோரிக்கு ஊட்டுதியளா?"

போன மாதம் வடாலாவில் கொழுந்தன் வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தாள். அந்த மூன்று நாளும் ஒரு சொட்டுகூட ஏறவில்லை என்றார்கள். அதன் பிறகு அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நசீர் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"நீ மேல வந்துரு லாத்தா. நாங்க கீழ இருந்துக்கிடுதோம். பிள்ளைகளுக்கு நாத்தம் பழகிரும்."

முப்பத்தொரு வருஷமாக இருந்த அறை. கணவர் மௌத்தானது அந்தக் கட்டிலில்தான். ஆனாலும் அடுத்தவர் வீட்டுச் சாக்கடையை யார் கேட்டு வாங்குவார்கள்? சபுரா அழுதுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாறலாம் என்றாள். வேண்டாம், நாளைக்கே என்றான். அதற்காக வேலைக்கு லீவும் போட்டான்.

ஏணியில் பதினொரு படி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினாள். மேலே போனதும் முதல் வேலையாகத் தம்பிக்காகக் கையேந்தி துஆ கேட்டாள்.

பாயை விரித்துக்கொண்டிருந்தபோது கீழே பேச்சுக்குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். பெயின்ட் டப்பாவோடு ஒருவன். கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பெண். சந்தில் கதவுக்குக் கதவு எண் எழுதிக்கொண்டு வந்தார்கள். கீழ் அறைக்காரர்களுக்குத் தாராவிக்குள்ளேயே சொந்த வீடு, மேல் அறைக்காரர்களுக்கு எங்கோ தொலைவில் வாடகை வீடுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்ட கணக்கெடுப்பு. நம்ம சந்துக்கு அது வர இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று நசீர்தான் சொல்லியிருந்தான்.

வாசலுக்கு வந்த பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"ஏக் மினிட்," என்றாள் ஃபர்ஸானா.

சேம்பர் மூடியைக் காலால் நகர்த்தினாள். குனிந்து முழங்கைவரை கையை விட்டாள். கை எதையும் தேடவில்லை. ஒரே இழுப்பு. பழந்துணி திணித்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அரிசிச் சாக்கு வெளியே வந்து விழுந்தது. தண்ணீர் பெரிய சத்தத்தோடு இறங்கியது.

ஃபர்ஸானா நிமிர்ந்தாள். மேலே நின்ற சபுராவைப் பார்த்தாள். சாக்கை மறைக்கவில்லை. நிதானமாகக் கையைக் கழுவினாள்.

நசீர் ரெக்ஸின் பையைத் திறந்து கீழ் அறைக்கு வாப்பா பெயரில் இருந்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தான். சாக்கடைப் புகாரோடு இணைக்க வேண்டும் என்று சபுராவிடம் வாங்கிப்போனவை.

கீழே யார் என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டாள். நாங்கள்தான், வாப்பா காலத்திலிருந்து, என்றான்.

மேலே?

வாடகைக்கு இருக்கிற அம்மா என்றான் அதே இந்தியில், அண்ணாந்து பார்க்காமல்.

சபுரா ஏணியில் ஒரு காலை வைத்தாள். முட்டி மடங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மௌசி, மேலே எவ்வளவு நாளா இருக்கீங்க?" அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்.

சபுரா எதையும் எண்ணிச் சொல்லிப் பழகியவள். இதையும் எண்ணிப் பார்த்துச் சொன்னாள்.

"ஆதா கண்டா."

அரை மணி நேரம். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயின்ட் டப்பாக்காரனும் சிரித்தான். ஃபர்ஸானா தன் நெற்றியோரம் விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் என்றான் நசீர்.

அந்தப் பெண் அதைப் பதிந்துகொண்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தாள்.