உப்பில்லாத கஞ்சி

செலினுக்கு பிரஷர் பார்ப்பது அவள் கணவர் தனிஸ்லாஸின் பொறுப்பு. தினமும் காலையில் நாற்காலியில் உட்காரவைத்து, கால்மேல் கால் போடாதே, பேசாதே என்று அதட்டி, கையில் பட்டையைச் சுற்றிவிட்டு மெஷினையே முறைத்துக்கொண்டிருப்பார். நூற்று அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அவளுக்காக வீட்டில் கருவாடு நின்றது, ஊறுகாய் நின்றது. அவரும் உப்பில்லாத கஞ்சியையே குடித்தார்.

அன்று ரேஷன் கடை பூட்டியிருந்ததால் உடனே திரும்பிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு ரெஜினா செலினின் கையில் பட்டையைச் சுற்றியிருந்தாள். இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மெஷின் கூவியது.

"இன்னைக்கும் நூத்தி இருவதுதான்க்கா," என்றாள் ரெஜினா.

"அவிய கட்டுனாத்தான் ஏறுது. அவியகிட்ட சொல்லிராத, என்ன? மனசொடஞ்சு போவாவ."

இன்னைக்குமா? அப்படியானால் எத்தனை நாளாய்? கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

மறுநாள் காலை செலின் எப்போதும்போலக் கையை நீட்டினாள். அவர் பட்டையைக் கட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு, எதற்கும் அதட்டாமல் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டார். காற்று ஏறி இறங்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"எவ்வளவு?"

மெஷின் பொத்தானை அமுக்கும் சத்தம் கேட்டது.

"நூத்தி அறுவது. எப்பவும்போலத்தான்."

அவர் வந்து பார்த்தபோது மெஷின் அணைந்திருந்தது. செலின் பட்டையை நிதானமாகச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"கஞ்சில இன்னைக்கும் நான் உப்பு போடல, என்ன?"