பதினாலாம் தொட்டி

“அலாரம் அடிச்சா நீங்க என்ன செய்வீங்க? அத மட்டும் சொல்லுங்க, போதும்.”

காகித ஆலையின் கூட்ட அறையில், வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்த பெண் பொறியாளர் காலையிலிருந்து ஒவ்வொரு பிரிவுத் தலைவரிடமும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ‘ஒன்றும் செய்ய மாட்டோம்’ என்று பதில் வந்தால் பட்டியலில் அந்த அலாரத்தின் மேல் கோடு கிழித்துவிடுவார். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதை நூறுக்குள் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆயிரத்து நூறையும் கேட்கிற காதுக்குச் சொந்தக்காரர், கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடமாகத் திரைக்கு முன்னால் அமர்ந்து, கத்தக் கத்தப் பொத்தானை அமுக்கிப் பழகியவர். வீட்டில் காலிங் பெல் அடித்தால்கூட எழுந்து போகாமல் மேஜையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சும்மா இருப்பார்.

போன மாதம் அப்படி அமுக்கியதில் ஒன்று நிஜம். வெந்நீர் பம்பு சூடாகிறது என்று அது கத்தியபோது கூடவே இன்னும் நாலு கத்தின. ஐந்தையும் சேர்த்து அமுக்கிவிட்டார். பம்பின் சீல் பிய்த்துக்கொண்டு வெந்நீர் பீறிட, அருகில் பழுது பார்த்துக்கொண்டிருந்த பிட்டருக்கு முழங்கை வரை வெந்துபோயிற்று. பிட்டர் வேறு யாருமில்லை, அவருடைய மைத்துனன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவரேதான்.

“என் தம்பி கை வெந்தப்ப உங்க காது எங்க போயிருந்துச்சு?” என்று மனைவி கேட்டாள். ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று வாரமாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு மூடி வைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே அவர் இந்தக் கூட்டத்துக்கு ஒரே எண்ணத்தோடு வந்திருந்தார். பதினாலாம் தொட்டிக்கு ஒரு வழி பண்ண வேண்டும். ‘பதினாலாம் தொட்டி, நீர் மட்டம் குறைவு.’ அமுக்கினால் நாலு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கும். பிறகு மறுபடி ஆரம்பிக்கும். ஷிப்டுக்கு நூற்றிருபது தடவை. பம்போடு சேர்ந்து கத்திய நாலில் அதுவும் ஒன்று.

ஆனால் தொட்டிப் பிரிவு சூப்பர்வைசர் லேசில் மசிகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். பொறியாளரின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்.

“ஆள் அனுப்புவேன்.”

“போய் என்ன செய்வார்?”

“பாப்பார்.”

“பாத்துட்டு?”

“ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூணு ஷிப்டும் தவறாம நடக்குது மேடம்.”

சொன்னதோடு நிற்காமல் தடித்தடியாக ஆறு ரிஜிஸ்டர்களை மேஜைமேல் அடுக்கினார். பொறியாளர் புரட்டிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாசகம்: ‘நேரில் சென்று பார்த்தேன். மாற்றம் இல்லை.’ ஆலை மூடியிருந்த நாட்களில்கூடக் கையெழுத்து விடுபடவில்லை. இத்தனை ஒழுங்கான பிரிவைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

எப்போது பார்த்தாலும் மட்டம் குறைவு என்றால் தண்ணீரை நிரப்ப வேண்டியதுதானே என்று கேட்டார் ஆபரேட்டர். நிரப்புவது பம்புப் பிரிவின் வேலை, தன் பிரிவு பார்த்துக்கொள்வது மட்டும்தான் என்றார் சூப்பர்வைசர். அப்படியானால் கருவி கெட்டுப்போயிருக்கும் என்றார் ஆபரேட்டர். கருவி காட்டுவது நூற்றுக்கு நூறு உண்மை, மட்டம் குறைவாகத்தான் இருக்கிறது என்று சூப்பர்வைசர் அடித்துச் சொன்னார்.

ஆபரேட்டர் மைத்துனனின் கையைப் பற்றிச் சொன்னார். இன்னமும் அவனால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றார். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஒன்றும் ஈரமில்லாத மனிதர் அல்ல. ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

“எனக்கும் வருத்தம்தான் சார். அதுக்காக உண்மையச் சொல்ற அலாரத்த எடுக்கச் சொன்னா எப்படி?”

பொறியாளர் பேனாவை மூடினார். இப்போதைக்கு இருக்கட்டும், சத்தத்தை மட்டும் குறைக்கலாம் என்றார்.

ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வடக்கு வாசல் வழியாக வந்து வடக்கு வாசல் வழியாகவே போகிறவர். தொட்டிகள் இருப்பது தெற்குக் கோடியில். அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

“அந்தத் தொட்டிய ஒரு தடவ நேர்ல பாக்கணும்” என்றார்.

அதற்கென்ன, தாராளமாகப் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் எழுந்தார். மூவரும் வெயிலில் நடந்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று வரிசையாகத் தொட்டிகளைக் கடந்து, ஒரு தகரக் கொட்டகை நிழலில் சூப்பர்வைசர் நின்றார். உள்ளே பத்துப் பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் நின்றிருந்தன. தூணில் மட்டக் கருவியின் வயர் ஒன்று, முனையில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது.

“தொட்டி எங்க?” என்றார் ஆபரேட்டர்.

“இங்கதான் இருந்துச்சு. துருப்பிடிச்சுப் போச்சுன்னு வெட்டி எடுத்து ஆறு வருஷம் ஆகுது” என்றார் சூப்பர்வைசர். “தொட்டிய எடுக்கச் சொல்லித்தான் சார் உத்தரவு வந்துச்சு. அலாரத்தப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலியே.”