களவுச் சில்லு

"பிலிப்பண்ணை, உந்தச் சில்லு எங்கை எடுத்தது?"

வெல்டிங் கடை சிவரூபன் கேட்டான். பிலிப்பு காது கேட்காதவர் மாதிரி றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற ஸ்ரெல்லாவும் பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தாள்.

லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிவந்த சில்லுகள் இரண்டும் அச்சோடு கடை வாசலில் கிடந்தன. அகலமான ரயர். துருவே பிடிக்காத அச்சு. இப்படி ஒரு சோடிக்காகத்தான் அவள் ஊரெல்லாம் அலைந்தாள்.

புருஷன் ஜெரிசன் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு, தங்கச்சி றொசாந்தியைக் கூட்டிக்கொண்டு அவளே நண்டு வலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். குருநகரில் அவர்கள் போட் விடுகிற கரை சேற்றுக் கரை. போட்டை வண்டிலில் ஏற்றினால் இரண்டு பெண்களே தள்ளிக் கடலுக்குள் இறக்கிவிடலாம். வண்டில் இல்லையென்றால் அஞ்சாறு ஆம்பிளைகள் வேண்டும். அவரவர் தொழிலுக்கு ஓடுகிற நேரத்தில் யார் வருவார்கள்? அந்த வண்டிலின் அச்சைத்தான் உப்புத் தண்ணி தின்று நடுவில் முறித்துவிட்டது.

பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிப் பழைய இரும்புக் கடையில் ஒற்றைச் சில்லுத்தான் இருந்தது. உடுப்பிட்டியில் ஒருவர் உழவு மெசின் இழுக்கிற பெட்டியின் அச்சைக் காட்டினார். அந்தப் பாரத்துக்கு வண்டிலே சேற்றில் புதைந்துவிடும். முறிந்ததை ஒட்டித் தரச் சொல்லிக் கொக்குவிலுக்கு வந்தால் சிவரூபன் மாட்டேன் என்றான்.

"ஒட்டலாம் அக்கா. திரும்ப முறிஞ்சு போட் உங்கடை காலிலை விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

வலை காய்ந்தது. ஜெரிசனின் மருந்தும் முடியப் பார்த்தது. அப்போதுதான் பிலிப்பு அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "சில்லு கிடைச்சிட்டுது, வெளிக்கிடு" என்றார். கரையில் சங்கமென்றாலும் கோயிலென்றாலும் முன்னுக்கு நிற்கிற மனிசன். வாய் திறந்தால் ஏச்சுத்தான் வரும்.

சிவரூபன் குனிந்து அச்சைத் தடவிப் பார்த்தான்.

"இது கடையிலை வேண்டினதில்லை. நல்லா ஓடின வண்டிலிலை இருந்து கழட்டியிருக்கு. நட்டிலை ஸ்பானர் போட்ட அடையாளம் இன்னும் புதுசாக் கிடக்கு."

"உனக்கு ஒட்டுறதுதானே வேலை?"

"களவுச் சாமானெண்டால் பொலிஸ் என்னட்டையெல்லோ வரும்?"

"வந்தால் பிலிப்பு தந்ததெண்டு சொல்லு."

சிவரூபன் அரைமனதோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட ஏற்றிவந்த வண்டிலில் அந்த அச்சை ஒட்டினான்.

திரும்பி வரும் வழியில் ஸ்ரெல்லாவால் பொறுக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. ஆற்றை சில்லு இது?"

"ஏன், சில்லிலை பேர் எழுதியிருக்கே?"

"களவெடுத்த சாமானிலை என்ரை போட் ஏறாது."

"ஏறாட்டில் வலையைச் சுருட்டி வைச்சிட்டு வீட்டிலை இரு. நண்டு தன்பாட்டிலை நடந்து வரும்."

அதற்குப் பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை.

ஆனாலும் அடுத்த நாள் விடியப் போட்டை ஏற்றத்தான் செய்தாள். வேறு வழி இல்லை. வண்டில் சேற்றுக்கு மேலால் மிதந்தது மாதிரிப் போனது. றொசாந்தி சிரித்தாள். ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது வந்து, "இது என்ரை சில்லு" என்று மறிப்பார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிலிப்பு எதிரே வந்தால் அடுத்த ஒழுங்கைக்குள் இறங்கிவிடுவாள். வண்டிலை மட்டும் விடவில்லை. வலை நிறைய நண்டு பட்டது. ஜெரிசனுக்கு மருந்தும் வந்தது. அவளுக்கு மனம்தான் ஆறவில்லை.

மாதா கோயில் திருநாள் வந்தது.

பின்னேரம், பவனி வருகிற தெருவோரத்தில் ஸ்ரெல்லா முழந்தாளில் இருந்தாள். "மாதாவே, எனக்காகத்தான் அந்த மனிசன் களவெடுத்தது. அவரை மன்னிச்சுக்கொள்ளும். என்னையும் மன்னிச்சுக்கொள்ளும்."

பாண்ட் சத்தம் கிட்ட வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

வருஷா வருஷம் பட்டுச் சீலை சுற்றிய வண்டிலில் ஆடாமல் அசையாமல் வருகிற மாதா, இந்த முறை ஆம்பிளைகளின் தோளில் வந்துகொண்டிருந்தார். சுரூபம் தூக்குகிற முன்கொம்பில் பிலிப்பு. அறுபது தாண்டிய உடம்பு. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது.

தோள் மாற்றுவதற்காக மாதாவின் சுரூபத்தை அவள் முன்னால் மேசையில் இறக்கினார்கள். பின்னால் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். "நல்ல வண்டில் இருக்க, உந்த வயசிலை பிலிப்புவுக்கு ஏன் இந்த வீம்பு?"

பட்டுச் சீலைக்குக் கீழே இருந்த சில்லை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. யார்தான் பார்த்தார்கள்?

எழும்பி அவரிடம் போனாள்.

"அண்ணை, மாதாவின்ரை வண்டில் எங்கை?"

பிலிப்பு துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுத்தான் கழட்டினனான். சொல்லியிருந்தால் நீ வாங்கியிருக்கமாட்டாய்."

"மாதாவின்ரை சில்லையே அண்ணை எனக்குத் தந்தனீங்கள்?"

அவர் குனிந்து மறுபடி கொம்புக்குத் தோளைக் கொடுத்தார்.

"மாதாவைத் தூக்க இந்தக் கரையிலை இவ்வளவு தோள் இருக்கு, பிள்ளை. உன்ரை போட்டைத் தூக்க ஆர் இருக்கினம்?"