அண்ணன் ஒளித்த பெட்டி

"சார், அந்த மூலைக்குப் போகாதீங்க!"

வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏன், அங்க என்ன இருக்கு?" என்றான் தம்பி.

"ஓட்டை உடைசல் சார். கையக் கிழிச்சுடும்."

தம்பிக்குப் பொறி தட்டியது. அப்பா இறந்த பிறகு அந்தப் பழைய வண்டியை அண்ணன் கொட்டகையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தான். "அப்பா ஞாபகமா எனக்கு வேணும்" என்று இவன் கேட்கும்போதெல்லாம் சாவியைக் காணோம், டயர் சரியில்லை என்று ஏதாவது ஒரு சாக்கு. இன்றைக்கு வந்து பார்த்தால் கொட்டகை காலி. அண்ணியைக் கேட்டால் மென்று விழுங்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் வண்டி இந்தப் பட்டறையில் இருப்பதே தெரிந்தது.

"எதுக்கு வந்திருக்கு வண்டி? விக்கப் போறானா?"

"ஐயையோ, இல்ல சார். ஹீட்டர் வேலை. அவ்வளவுதான்."

"ஹீட்டர் வேலைக்கு ஏன் இவ்வளவு ரகசியம்?"

"உங்க கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு அண்ணன்தான்..." மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தம்பி மூலையில் கிடந்த சாக்கை இழுத்தான். உள்ளே நீளமான ஒரு தகரப் பெட்டி. அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி இப்படி ஒரு பெட்டி இருக்கும். குழாயின் சூட்டில் பெட்டிக்குள் காற்று சூடாகி, வண்டிக்குள் போய்க் குளிரை விரட்டும். இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், புகைக்குழாய் துருப்பிடித்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இது ஓட்டையானா புகை எங்க போகும்?"

மெக்கானிக் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். தம்பி விடவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"சூட்டுக் காத்தோட சேர்ந்து வண்டிக்குள்ளதான் சார் போகும். அந்த விஷக்காத்துக்கு வாசனைகூடக் கிடையாது."

தம்பிக்கு அப்பா இறந்த நாள் நினைவுக்கு வந்தது. கடை வாசலில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. அம்மா பையோடு வந்து கதவைத் திறந்தபோது தூங்குகிறவர் போலச் சாய்ந்திருந்தார். வயசானவர், இதயம் நின்றுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அழுதுகொண்டே இவனும் நம்பினான்.

வாசலில் நிழலாடியது. அண்ணன். தம்பியின் கையில் பெட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உன்னை யாருடா இங்க வரச் சொன்னது?"

"வராம இருந்திருந்தா இதைத் தூக்கிப் போட்டிருப்பே, இல்ல? எப்பத்துலேர்ந்து உனக்குத் தெரியும்?"

அண்ணன் சுவரில் சாய்ந்தான். "அப்பா போன மறுநாள் வண்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். பாதி வழியிலயே தலை சுத்திடுச்சு. அப்பவே புரிஞ்சுடுச்சு."

"புரிஞ்சும் எங்க யார்கிட்டயும் சொல்லல! வண்டிய நான் பாத்துக்கறேன், நான் பாத்துக்கறேன்னு வாய் கிழியப் பேசுவியே, இதுதான் நீ பாத்துக்கிட்ட லட்சணமா?"

"ஆமா. என் தப்புதான். போதுமா? பெட்டியக் கீழ வை. வீட்டுக்குப் போகலாம்."

"அப்பாவைக் கொன்னுட்டு வீட்டுக்குக் கூப்பிடறியா? அம்மாகிட்ட சொல்றேன். ஊருக்கே சொல்றேன். இனி உன் மூஞ்சியில முழிச்சா கேளு!"

"சொல்லிக்கோ. யார்கிட்ட வேணா சொல்லிக்கோ. நான்தான் காரணம்னு சொல்லு."

இப்படி ஒருவன் வாதாடாமல் ஒப்புக்கொள்வது தம்பியின் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. சட்டையைப் பிடிக்கப் போனான். மெக்கானிக் குறுக்கே வந்து விழுந்தார்.

"நிறுத்துங்க சார்! உங்க அண்ணனப் போய் இப்படிப் பேசாதீங்க. நீங்க ஆசைப்பட்டு ஓட்டப்போற வண்டி, உங்களுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு தினம் வந்து நிக்கறாரு மனுஷன். அந்த ஓட்டையில எவ்வளவு துரு பாருங்க. வருஷக்கணக்கா இருந்த ஓட்டை. அப்பவெல்லாம் உங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே, ஏன்?"

"நீ சும்மா இரு. ஒண்ணும் சொல்லாதே!" அண்ணன் கத்தினான்.

"சொல்லித்தான் ஆகணும் சார், பழி உங்க மேல விழுதே! பழைய வண்டி, கதவெல்லாம் இடுக்கு. உள்ள வந்த புகை அது வழியாவே வெளிய போயிட்டிருந்தது. அந்த இடுக்கையெல்லாம் யாரோ புது ரப்பர் வச்சு அடைச்சிருக்காங்க. அதுதான் எமனாயிடுச்சு!"

அண்ணன் கண்களை மூடிக்கொண்டான்.

தம்பியின் கையிலிருந்து பெட்டி நழுவி விழுந்தது. அப்பா இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது, அவருக்குக் குளிர்காற்று அடிக்கக் கூடாதே என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து, ஓர் இடுக்கு விடாமல் அந்த ரப்பரை ஒட்டியவன் அவன்தான்.