கோட்டுக்கு இரண்டடி

அந்த ஆண்டு அந்தச் சின்ன அமெரிக்கக் கல்லூரியின் கால்பந்து அணி ஏழு ஆட்டங்கள் ஆடியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த நாட்டுக் கால்பந்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் புள்ளி. எட்டாவதுதான் கடைசி ஆட்டம். அது முடியப் பத்து நிமிடம் இருக்கையில் எதிரணிக்கு நாற்பத்தெட்டு, இவர்களுக்குச் சுழி. அணித் தலைவன் ஆர்வில் டென்டனின் மூக்கு உடைந்திருந்தது. மாற்று ஆட்டக்காரன் எவனும் மிச்சமில்லை. இருந்த பதினொரு பேரில் இருவர் நொண்டினார்கள்.

எதிரணித் தலைவனான கிளைட், ஆர்விலிடம் வந்தான்.

"போதும்ப்பா. அடுத்த தடவை நீ பந்தைத் தூக்கிட்டு ஓடி வா, நாங்க ஒதுங்கிக்கறோம். ஒரே ஒரு தடவை எங்க கோட்டைத் தாண்டிடு. வெறுங்கையோட ஊருக்குப் போகாதே."

அவன் பரிகாசம் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் ஆர்விலால் பொறுக்க முடியவில்லை.

"நீ ஒதுங்கினா நான் பந்தைக் கீழே போட்டுட்டு நிப்பேன்."

கிளைட் ஒதுங்கவில்லை. இவர்கள் முட்டினார்கள், சேற்றில் விழுந்தார்கள், எழுந்து மறுபடி முட்டினார்கள். மூன்று கஜம், நான்கு கஜம் என்று பிடித்துப் பிடித்துக் கோட்டுக்கு இரண்டடி வரை வந்துவிட்டார்கள். ஆர்வில் பந்தை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு தலைகுனிந்து பாய்ந்தான். பின்னாலிருந்து தோழர்கள் தள்ள, முன்னாலிருந்து கிளைட்டின் ஆட்கள் மோத, அத்தனை பேரும் அவன்மேல் சரிந்தார்கள்.

நடுவர் ஒவ்வொருவராக இழுத்து விலக்கினார். அடியில் கிடந்த ஆர்விலின் கண்ணெல்லாம் சேறு.

"தம்பி, உயிரோட இருக்கியா?"

ஆர்வில் பந்தை விடாமல் கேட்டான்.

"கோடு எங்கே இருக்கு?"