சவர்க்காரம் போட்ட குப்பை வாளி

"அம்மா, கழுதை முட்டைக் கோது தின்னுமோ?" என்று ஒருநாள் காலையில் ஜெனிஸ்ரா கேட்டாள்.

"பசி வந்தால் எல்லாம் தின்னும். பள்ளிக்கு நேரமாச்சு, நீ கெதியாச் சப்பாத்தைக் காலில போடு" என்றாள் அன்ரோனெற். கால் இரண்டும் கடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, மகளின் கேள்வியை அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

நண்டுக் கம்பனியில் நாள் முழுக்க நின்றபடி சதை பிரிக்கிறவள் அவள். கணவன் இராசேந்திரம் கடற்றொழிலுக்காக முல்லைத்தீவு மீன்வாடியில் தங்கியிருந்தான். ஆகவே குசினி வேலையை அவள் முடிந்தவரை சுருக்கி வைத்திருந்தாள்.

குப்பை வாளியின் அடியில் பழைய பேப்பர். மீன் கழிவின் மேல் ஒரு பிடி சாம்பல். படுக்கப் போகுமுன் வாளியைப் பின்வேலியோரம் வைத்துவிட்டால் சரி, விடிய அது வெறுமையாக இருக்கும். மாதக்கணக்காக இப்படித்தான். தாழ்வுபாட்டுத் தெருவில் திரிகிற கழுதைகளுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லி வாளியை உள்ளே எடுத்துவிடுவாள்.

ஒருநாள் விடியற்புறம் கோயில் திருந்தாதி மணிச் சத்தத்துக்கு எழும்பியவள், குசினி யன்னலால் வெளியே பார்த்தாள். வேலியில் ஓட்டை விழுந்திருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தது கழுதையல்ல, பக்கத்து வளவுச் சுபத்திரா. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வாளியில் இருந்ததை ஒன்றும் விடாமல் தன் சட்டிக்குள் கொட்டினாள். சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு விறுவிறென்று போய்விட்டாள்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருக்கிற குடும்பம் அது. கணவன் சிங்கராசாவுக்கு ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இருக்காது.

"மாதாவே, என்ர குப்பைக்குள்ளயோ அந்தப் பிள்ளை சாப்பாடு தேடுது?"

கூப்பிட்டுக் கொடுக்கலாம். ஆனால், ஒளித்து எடுக்கிறவளைக் கூப்பிட்டால் அவள் வெட்கத்தில் செத்துப்போவாள். யோசித்துப் பார்த்து, அன்ரோனெற் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

அன்று மாலை அவள் குப்பை வாளியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மீன் கழிவை வேறாக எடுத்துப்போய் வளவின் மூலையில் குழி வெட்டி மூடினாள். வாளியில் துப்புரவான மரக்கறித் தோலை மட்டும் போட்டு, அதற்கு மேல் ஒரு பொட்டலத்தை வைத்தாள். சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். அது அவளுடைய இராச்சாப்பாடு. பானையில் அதற்கு மேல் இல்லை.

"அம்மா, உங்களுக்கு?" என்றாள் ஜெனிஸ்ரா.

"நான் கம்பனியில சாப்பிட்டனான்."

"என்ன கறி?"

"நண்டு."

"பொய்! நண்டுக் கம்பனியில நண்டு தருவினமோ?"

"வாய் காட்டாமல் சாப்பிடு."

விடிய வாளியில் பொட்டலம் இல்லை. வெறும் வயிற்றோடு நின்றாலும் அவளுக்கு மனம் நிறைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் வாளி கழுவுவதும், குழி வெட்டுவதும், பொட்டலம் கட்டுவதுமாக, சுருக்கி வைத்த வேலை இரண்டு மடங்காயிற்று. ஆள் பாதியானாள்.

குழாயடியில் ஒருநாள் சுபத்திராவே கேட்டாள். "என்னக்கா, நல்லா மெலிஞ்சு போனியள்?"

"கம்பனியில வேலை கூட, தங்கச்சி."

சுபத்திரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு குடத்தைத் தூக்கினாள். 'பாவம், தன்ர பசியைச் சொல்ல வாய் வரேல்ல' என்று நினைத்தபடி அன்ரோனெற் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த கிழமை கம்பனியில் அவளுக்குத் தலை சுற்றியது. மேசையைப் பிடித்தபடி சரிந்தவளை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குசினிக் கதிரையில் விழுந்தவளுக்குக் கண் இருண்டது. பொட்டலத்தை நிறுத்தினால் அந்தக் கொட்டிலில் பட்டினி. நிறுத்தாவிட்டால் தான் விழுந்துவிடுவாள், பிறகு ஜெனிஸ்ராவுக்கு யார்? இனி சுபத்திராவிடம் நேரே பேசத்தான் வேண்டும். அவள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பின்கதவு மெல்லத் தட்டுப்பட்டது. சுபத்திராதான் நின்றாள். கையில், தட்டால் மூடிய கோப்பை ஒன்று.

"வீட்டில ஒருத்தரும் இல்லையே, அக்கா?"

"இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம். உள்ள வா."

"ஒண்டு சொல்ல வேணும். கன நாளா மனசுக்குள்ள கிடந்து அரிக்குது. நீங்கள் கோவிக்கக்கூடாது."

அன்ரோனெற் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எல்லாம் தெரியும், தங்கச்சி. யன்னலால கண்டனான். இதில வெட்கப்பட ஒண்டுமில்லை."

சுபத்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்சும் பேசாமல் விட்டியளோ? கேக்காமல் எடுத்தது பிழைதான். அதுதான், ஆருக்கும் தெரியாமல் அந்தக் கடனைத் தீர்த்துப்போட்டுப் போவமெண்டு வந்தனான்."

கோப்பையை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். சோறும் கீரையும் மஞ்சளாய்ப் பூசணிக்காய்க் கறியும் ஆவி பறக்க இருந்தன.

"ஆனால் அக்கா, நல்ல சோத்தைப் பொட்டலமாக் கட்டி ஏன் ஒவ்வொரு நாளும் எறியிறியள்? அதை மட்டும் மற்றக் குப்பை மாதிரிப் பசளையா மண்ணுக்குள்ள புதைக்க எனக்கு மனம் வரேல்ல, எங்கட கோழிகளுக்குத்தான் போட்டனான். சாப்பாடு இறங்காத அளவுக்கு உங்களுக்கு அப்பிடி என்ன கவலை?"

சுபத்திரா கோப்பையை அன்ரோனெற்றின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"உங்கட குப்பையில காய்ச்ச பூசணிக்காய், அக்கா. இதையாவது எறியாமல் சாப்பிடுங்கோ."